புகார் இல்லாத பள்ளத்தாக்கு

"யாரு போன் செத்துச்சு?"

காலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தால் நெல்டா கோகர் ஹலோ சொல்வதில்லை. இதைத்தான் கேட்பாள். செத்த போனிலிருந்து யாரும் கூப்பிட முடியாதே, அதனால் மறுமுனையில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். "ஜாயிண்ட்ல தண்ணி இறங்கியிருக்கும், வரேன்" என்று டொக்கென்று வைத்துவிடுவாள். போய் வருகிறேன், நல்லது, வைக்கட்டுமா என்கிற உபசாரமெல்லாம் அவளிடம் கிடையாது. யாராவது குறைப்பட்டுக்கொண்டால், "நாள் பூரா கம்பியைப் புடிச்சுட்டுத் தொங்குறவளுக்கு இதுல வேற கொஞ்சணுமாக்கும்!" என்பாள்.

ஐம்பத்தாறு வயது. குட்டையான, உரமான உடம்பு. கேபிளுக்குள் அடைத்திருக்கும் பசை ஊறி ஊறி விரல் நுனிகளில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு மண்ணெண்ணெய் வாடை. சாப்பாட்டுக்கு உட்கார மாட்டாள். லாரிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து நின்றபடியே, இறைச்சி அடைத்த ரொட்டியான பெப்பரோனி ரோலைக் கடித்து முடிப்பாள். இடது பாக்கெட்டில் எப்போதும் நாய் பிஸ்கட் இருக்கும். மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலை இடுக்கில் வாசலுக்கு ஒரு நாய், எல்லாம் கடிக்கிற சாதி. வேறு சீருடைக்காரன் எவன் வந்தாலும் பாயும். நெல்டாவின் லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் வாலைச் சுழற்றிக்கொண்டு வேலியோரம் வந்து நிற்கும்.

அவளிடம் கம்பெனி ஜாக்கெட் நான்கு இருக்கின்றன. நான்கிலும் நான்கு பெயர். அவள் வேலை மாறவில்லை, கம்பம் மாறவில்லை, கம்பி மாறவில்லை. கம்பெனிதான் கைமாறிக்கொண்டே வந்தது. கைமாறும்போதெல்லாம் ஒரு புது ஜாக்கெட் கொடுப்பார்கள், கொஞ்சம் ஆட்களைக் குறைப்பார்கள். ஜாக்கெட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மெலிசாக வரும். குளிர் தாங்குவது முதல் ஜாக்கெட் ஒன்றுதான் என்பதால் அதையே போட்டுக்கொண்டு, நெஞ்சில் இருக்கும் பழைய பெயர்மேல் வெள்ளி டேப்பை ஒட்டியிருக்கிறாள். மேலாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தபோது, "அடுத்தவன் பேரு என்னன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க, அதையும் சேத்து ஒட்டிடுறேன்" என்றாள்.

வியாழக்கிழமையானால் ஜாக்கெட்டுக்குள் சிவப்புச் சட்டை. அது சங்கத்துப் பழக்கம். எந்தக் காலத்திலோ மறியலில் நின்று செத்துப்போன ஒரு தோழருக்காக, தேசம் முழுக்கத் தொலைபேசித் தொழிலாளிகள் அன்றைக்குச் சிவப்பு உடுத்துகிறார்கள். நெல்டா ஒரு வியாழனும் தவறவிட்டதில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணமே வியாழக்கிழமை வந்தபோதும் சிவப்புச் சட்டையோடுதான் போய் நின்றாள். தங்கை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அவள் பார்ப்பது லாஸ்ட் மேர் ஓடை என்ற பள்ளத்தாக்கு. எப்போதோ ஒரு பெண்குதிரை காணாமல் போன இடமாம். இப்போது காணாமல் போனது செல்போன் சிக்னல். ஒரே ஒரு கோடு தெரிய வேண்டுமென்றாலும் கல்லறை மேட்டுக்கு ஏறவேண்டும். அங்கே படுத்திருப்பவர்களுக்கு நல்ல சிக்னல், பேசத்தான் ஆளில்லை. உயிரோடு கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பழைய செப்புக் கம்பி ஒன்றுதான் கதி. நெஞ்சுவலி வந்தாலும், வீடு பற்றிக்கொண்டாலும், வெள்ளம் வந்தாலும் அதுதான்.

அந்தக் கம்பியைக் கம்பெனி கை கழுவிப் பல வருடம் ஆகிறது. இணைப்புகளை மூடும் உறை கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கிறோம்" என்பார்கள், வராது. அதனால் நெல்டா கடைக்குப் போய்த் தன் காசில் கறுப்புக் குப்பைப் பை வாங்குகிறாள். மலையெங்கும் கம்பங்களில் குப்பைப் பைகள் கட்டித் தொங்கும். அதை வேடிக்கை பார்த்த வெளியூர்க்காரன் ஒருவன் என்ன இது என்று கேட்டதற்கு, "இதான் எங்க ஊரு தொழில்நுட்பம்" என்றாள்.

ஊர் மக்கள் அவளைக் கூப்பிடுவார்களே தவிர கம்பெனியைக் கூப்பிட மாட்டார்கள். கம்பெனி நம்பரைச் சுழற்றினால் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு, கடைசியில் லாஸ்ட் மேர் எந்த மாநிலம் என்று கேட்கிற ஆளிடம் பேசவேண்டும். நெல்டாவின் வீட்டு நம்பரோ ஒவ்வொரு வீட்டிலும் போனுக்குப் பக்கத்துச் சுவரிலேயே பென்சிலால் எழுதியிருக்கிறது. சர்ச்சில் கடைசிப் பாட்டு நடக்கும்போதே முன்வரிசைக்காரி திரும்பி, "நெல்டா, எங்க லைன் கொரகொரங்குது" என்று ராகத்தோடு சேர்த்துச் சொல்வாள். நெல்டாவும் தலையசைத்துக்கொண்டே ஆமென் சொல்வாள். வேலை நேரத்துக்குப் பிறகு, கணக்கில் வராமல், அந்த லைனைப் போய்ச் சரிசெய்துவிடுவாள்.

இதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வந்ததே!

கம்பெனி நான்காவது தடவையாக விற்பனைக்கு வந்தது. வாங்க வந்தவர்கள் பெரிய புள்ளிகள். மலைப் பள்ளத்தாக்குகளில் கம்பியை எடுத்துவிட்டுச் செல்போன் சேவை தருவோம் என்றும், பதினோரு லைன்மேன் இருக்கும் இடத்தில் நான்கு பேர் போதும் என்றும் எழுதியே வைத்திருந்தார்கள். சங்கம் துடித்துப் போய் ஒரு மசோதாவுக்குப் பின்னால் நின்றது. ஒரு போன் கம்பெனியை இன்னொன்று வாங்கினால் ஐந்து வருடத்துக்கு ஆளைக் குறைக்கக் கூடாது, வேறு வழியில்லாத வீட்டின் கம்பியைப் பிடுங்கக் கூடாது, பழுதைக் குறித்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். மசோதா அவ்வளவுதான் கேட்டது. சொர்க்கத்தையா கேட்டுவிட்டது?

தலைநகரில் கமிட்டி கூடியது ஒரு வியாழக்கிழமை. இரண்டு பஸ் நிறையச் சிவப்புச் சட்டைகள் போயின. சங்கத் தலைவன் ராய்ஸ் டாக்கெட், நெல்டாவைச் சாட்சி சொல்ல நிறுத்தினான். அவள் கம்பிகளின் நிலைமையை உள்ளது உள்ளபடி சொன்னாள். குப்பைப் பைகளைப் பற்றியும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்து, மிகப் பணிவாக, போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்துக்கு லாஸ்ட் மேரிலிருந்து போன மாதம் வந்த புகார்கள் மொத்தமே நான்கு என்றார்.

கமிட்டித் தலைவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க சொல்ற மாதிரி அவ்வளவு மோசம்னா ஜனங்க ஏன் புகார் பண்ணல?"

"அவங்க என்னைக் கூப்பிடுவாங்க, சார்."

"நீங்க போவீங்களா?"

"போகாம? உடனே போயிடுவேன்."

"அப்ப சேவை நல்லாத்தானே நடக்குது?"

கூடமே சிரித்தது. சிவப்புச் சட்டை போட்டவர்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நெல்டாவுக்குக் காது மடல்வரை சிவந்துபோனது. கமிட்டியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை சரிசமம், தலைவர் கைதான் முடிவு செய்யும். அவர் கெட்டவர் இல்லை. "மூணு வாரம் கழிச்சு ஓட்டெடுப்பு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அந்தப் பள்ளத்தாக்குலேருந்து ஆணையத்துக்கு நியாயமான புகார் வந்திருந்தா நான் கை தூக்குறேன். இல்லேன்னா என்னால முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ராய்ஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நெல்டா, இனிமே மூணு வாரத்துக்கு நீ கையைக் கட்டிக்கிட்டு இரு. கம்பெனி சீட்டு கொடுத்தா வேலை பாரு. கொடுக்கலேன்னா ஒரு கம்பியைத் தொடாதே. யாரு கூப்பிட்டாலும் ஆணையத்து நம்பரைக் கொடு, வை."

"ஏன் எதுக்குன்னு கேப்பாங்களே?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாது! நீ தூண்டிவிட்டேன்னு அந்த வக்கீல் புடிச்சுக்குவான். புகாரும் செல்லாது, உன் வேலையும் போயிடும். நம்பரை மட்டும் சொல்லு."

"அவங்க போன் செத்துக் கிடக்கும், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"மூணு வாரம் நின்னா அஞ்சு வருஷத்துக்குச் சாகாது."

சரி என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள், அதுதான் கொடுமை.

அந்த மூன்று வாரமும் பாழாய்ப்போன மழை. ஓடை முனையில் இருக்கும் மேவிஸ் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு ஹோபர்ட் பெரியவரின் போன் செத்துவிட்டது என்றாள். நெல்டா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆணையத்து நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். "என்ன நெல்டா, நீ வரலையா?" என்றாள் மேவிஸ். "இந்த நம்பர்ல சொல்லுங்க" என்று மறுபடியும் அதையே சொல்லிவிட்டு வைத்தாள். இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், அவர்களுக்கும் இதே கதை. அதற்குப் பிறகு அவள் வீட்டுப் போன் அடிப்பது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒருவரும் திரும்பிப் பார்த்து லைனைப் பற்றிப் பேசவில்லை. அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. முன்வரிசைக்காரி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். ஊரே தன்மேல் கோபமாக இருக்கிறது என்று நினைத்தாள் நெல்டா. கோபப்படட்டும், அந்தக் கோபத்தில் நாலு புகார் சொல்லட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய நாள் மத்தியானம் ராய்ஸ், டவுனில் இருக்கும் கம்பெனி ஷெட்டுக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிட்டான். கோபம் வந்தால்தான் அவன் சங்கத்து மரியாதையோடு பேசுவான்.

"சிஸ்டர் கோகர், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்ன ஆச்சு?"

"சைபர்! மூணு வாரத்துல உங்க ஓடையிலேருந்து ஒரு புகார் இல்ல. நாலு இருந்துச்சு, அதுவும் போச்சு. மனசு தாங்காமப் போய்ச் சரி பண்ணிட்டீங்க, அப்படித்தானே?"

"சத்தியமா நான் ஒரு கம்பியைத் தொடல, ராய்ஸ்."

"மூணு வாரமா மழை கொட்டுது. குப்பைப் பையில கட்டின லைனெல்லாம் தானா நிக்குதா? யாருகிட்ட கதை விடுறீங்க!"

முப்பது வருடச் சங்கத்துக்காரியைப் பார்த்து அவன் அப்படிக் கேட்டான். அவள் போனை டொக்கென்று வைத்தாள். லாரியை எடுத்துக்கொண்டு நேராக ஹோபர்ட் சைஸ்மோர் வீட்டுக்குப் போனாள்.

ஹோபர்ட்டுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சுரங்கக் கரித்தூசி தின்ற நுரையீரல். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கழுத்துக் கயிற்றில் ஒரு சிவப்புப் பொத்தான். மூச்சு முட்டினால் அதை அமுக்கவேண்டும், அது போன் லைன் வழியாக ஆம்புலன்ஸைக் கூப்பிடும். நெல்டா உள்ளே நுழைந்ததும் வேறெதுவும் பேசாமல் மேசைமேல் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். கல்லைக் காதில் வைத்ததுபோல் இருந்தது. சத்தமே இல்லை.

"எப்பலேருந்து?"

"அது ஆச்சு, நீ பஸ்ஸுல போயிட்டு வந்த அந்த வாரத்துலேருந்தே."

"மேவிஸ்கிட்ட நம்பர் குடுத்தேனே!"

"அதோ, பத்திரமா ஃபிரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கேன். ஒருத்தனும் அந்த நம்பருக்குப் பேச மாட்டான், நீ பயப்படாதே தாயி."

"என்ன சொல்றீங்க, பெரியவரே?"

கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ வெளியே எவனோ ஒட்டுக்கேட்கிற மாதிரி. "நம்பரைச் சொல்லும்போது உன் குரலே சரியில்லைன்னு மேவிஸ் சொன்னா. பக்கத்துல மேலதிகாரி நிக்கிறாப்புல பேசினியாமே? அப்பவே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. டென்வருக்கு வெச்ச ஆப்பை உனக்கும் வெச்சிருக்கானுங்க. சர்ச்சுல எல்லாருமாப் பேசி முடிவு பண்ணிட்டோம். ஓடை முழுக்க லைன் செத்தாலும் சரி, ஒரு ஆளு வாயைத் திறக்கிறதில்லை. இப்ப ஓடையில ஒரு லைன் உசுரோட இல்ல, யாராச்சும் முணுமுணுத்தாங்களா? நாங்க என்ன பச்சைக் குழந்தைகளா, போன் இல்லாம நாலு நாள் இருக்க மாட்டோமா?"

நெல்டா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

டென்வர் லில்லி அவளோடு பக்கத்து லாரியில் வேலை பார்த்த லைன்மேன். போன தடவை கம்பெனி கைமாறிய சமயம் வெள்ளம் வந்தது, லைன்கள் போயின. ஓடைக்காரர்கள் கம்பெனியைத் திட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். கம்பெனி அத்தனையையும் டென்வரின் பெயரில் ஏற்றி, வேலை சரியில்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது அவன் கோழி வெட்டும் ஆலையில் நின்றுகொண்டிருக்கிறான். அதிலிருந்து லாஸ்ட் மேர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பாடத்தை ஊர் இவ்வளவு ஒற்றுமையாகப் படித்து வைத்திருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"ஐயோ, கெடுத்தீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ராய்ஸ் சொன்ன தடையெல்லாம் காற்றில் போயிற்று. மசோதா, கமிட்டித் தலைவர் கை, நாளைய ஓட்டு, எல்லாவற்றையும் கொட்டினாள். "நீங்க சொன்னாத்தான் இந்தக் கம்பி நிக்கும், பெரியவரே. நீங்க ஒரு ஆளு சொன்னாக்கூடப் போதும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

ஹோபர்ட் பொத்தானை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார். "உன் மேல வராதே?"

"வராது" என்றாள், கொஞ்சம் அவசரமாகவே.

"அப்பச் சரி. போடு போனை."

எந்தப் போனைப் போடுவது? ஓடை முழுக்கச் செத்துக் கிடக்கிறது. ஆக்சிஜன் குழாயோடு அவரைக் கல்லறை மேட்டுக்கு ஏற்ற முடியாது. புகார் சொல்ல ஓர் உயிருள்ள லைன் வேண்டும், உயிருள்ள லைன் இருந்துவிட்டால் அப்புறம் என்ன புகார்? நெல்டா அதையெல்லாம் யோசிக்கவில்லை. மழையில் ஓடி, சாலையோரப் பெட்டியைத் திறந்து, பச்சை பூத்த கம்பிகளை வெட்டி, நல்ல ஜோடி ஒன்றைத் தேடி எடுத்து முறுக்கினாள். உள்ளே வந்து, சுவரோரப் பெட்டியில் போன் வயரைக் கழற்றித் துடைத்துச் செருகினாள். டயல் டோன் வந்தது. ஐந்து மணியாகச் சில நிமிடங்களே இருந்தன. நம்பரை அவளே சுழற்றி, ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு, தானும் காதை ஒட்டி நின்றாள்.

ஓர் இளம்பெண் குரல். "சொல்லுங்க சார், என்ன புகார்?"

"எங்க வீட்டுப் போன் மூணு வாரமாச் செத்துக் கிடந்துச்சும்மா" என்றார் ஹோபர்ட், பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல. நெல்டா தலையை ஆட்டி ஆட்டி உற்சாகப்படுத்தினாள். அவர் பெயர் கேட்டார்கள், சொன்னார். ஊர் கேட்டார்கள், எழுத்துக்கூட்டிச் சொன்னார். தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"இப்ப லைன் வந்துடுச்சு போலிருக்கே சார். உங்க ஏரியா லைன்மேன் பேரு?"

ஹோபர்ட் நிறுத்திக்கொண்டார். "பேரு எதுக்கும்மா?"

"அதைப் போடாம கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார். பேரு மட்டும் சொல்லுங்க, பதிஞ்சுடுறேன்."

கிழவர் ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினார். "உன் பேரைக் கேக்குறா."

"சொல்லுங்க. பரவாயில்ல, சொல்லுங்க!"

"டென்வர் பேரையும் இப்படித்தான் நைசாக் கேட்டா. நான்தான் சொன்னேன்."

"பெரியவரே, நேரம் ஆகுது. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். சொல்லிடுங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பிரியம் இருந்தது. கையை எடுத்தார்.

"அம்மா, புகாரெல்லாம் ஒண்ணும் இல்ல, அழிச்சுடு. வயசாச்சு, ஏதோ உளறிட்டேன். எங்க ஓடையில யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. லைன்மேன் பத்தி எழுதறதுன்னா இதை எழுதிக்கோ. இந்த மாதிரி ஒரு பொண்ணு இந்த மாநிலத்துலேயே..."

அந்தப் பாராட்டு பதிவில் ஏறிவிட்டால் கம்பெனி வக்கீலுக்கு அதுவே போதும். நெல்டா குனிந்து, சற்றுமுன் தன் கையால் செருகிய வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அது தெரியாமல் ஹோபர்ட், செத்த போனில் அவளைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.